மாவோரிக்கும் மங்கோலியத்துக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி பதில்

மொழியியல் வகுப்பில் இந்த இரண்டையும் வருஷக்கணக்கில் எடுத்துக்காட்டாக நடத்தியவள் என்பதால் இன்றைக்கு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். ஒலி, இலக்கணம், சொல் வரலாறு என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே வேண்டுகோள்: "அங்கேயும் இந்தச் சொல், தமிழிலும் இந்தச் சொல்" என்று இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு வராதீர்கள்.

திருச்சி வாசகர்: வணக்கம் மேடம். இரண்டு மொழிக்கும் உறவு உண்டா?

இல்லை. நியூசிலாந்தின் பூர்வகுடிகள் பேசும் மாவோரி, ஆஸ்திரோனேசியக் குடும்பம். மலாய், தகலாக், ஹவாய் மொழி எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். மங்கோலியத்துக்கு புரியாத், கல்மிக் போன்றவை உடன்பிறப்புகள்.

கோவை வாசகி: உறவே இல்லையென்றால் எதற்காக ஒப்பிட வேண்டும்?

இதுதான் கேள்வி. மொழி எத்தனை விதமாக இருக்க முடியும் என்று பார்க்கவும் ஒப்பிடலாம். "குழந்தை உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருக்கிறது" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மாவோரியில் "கெய் தெ கய் தெ தமய்தி இ தெ ரீவய்". நடந்துகொண்டிருக்கிறது என்ற குறிப்பு முதலில், அடுத்து தின்னுதல், பிறகுதான் குழந்தை, கடைசியில் கிழங்கு. மங்கோலியத்தில் "ஹூஹெத் தொம்ஸ் இதெஜ் பைன". குழந்தை, கிழங்கு, தின்று, இருக்கிறது. அச்சாகத் தமிழ் வரிசை.

ஒலியிலும் இரண்டும் எதிரெதிர். மாவோரியில் மெய்யொலி பத்தே பத்து. உயிர் ஐந்து, குறிலும் நெடிலுமாக. எந்தச் சொல்லும் உயிரில்தான் முடியும், இரண்டு மெய் அடுத்தடுத்து வராது. அதனால் கிறிஸ்துமஸ் அங்கே "கிரிஹிமெதெ" ஆகிவிட்டது, போலீஸ்காரர் "பிரிஹிமான". பஸ்ஸு, லைட்டு என்று சொல்கிற நமக்கு அது புரியாதா என்ன? மங்கோலியத்தில் முதல் அசையைத் தாண்டினால் குறில்கள் தேய்ந்து, மெய்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

ஆனால் மங்கோலிய உயிர்களுக்குள் ஓர் ஒத்துப்போதல் உண்டு. "இருந்து" என்ற உருபு, வீட்டுக்கு (கெர்) "கெரேஸ்", புத்தகத்துக்கு (நொம்) "நொமோஸ்", அப்பாவுக்கு (ஆவ்) "ஆவாஸ்". சொல்லின் உயிரைப் பார்த்து உருபு தன் உயிரை மாற்றிக்கொள்ளும். அவர்கள் இலக்கணத்தில் ஆண் உயிர், பெண் உயிர் என்றே பிரித்திருக்கிறார்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: நியூசிலாந்தில் தமிழ் எழுதிய மணி கிடைத்ததே! அப்போது மாவோரியில் தமிழ் இருக்க வேண்டுமே?

மணி உண்மை. வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் வாங்கரே பக்கம் பார்த்தபோது, மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். முகைதீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. இன்று வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் மணி கைமாறிக் கைமாறி எங்கும் போகும். அதனுடன் வேற்றுமை உருபு போகாது.

யாழ்ப்பாணம் வாசகி: வணக்கம் ரீச்சர். எங்கட நாம், நாங்கள் வித்தியாசம் இவையளிட்ட இருக்கோ?

மாவோரியில் நம்மைவிட நுணுக்கம். கேட்பவரையும் சேர்த்தால் "தாதொவ்", சேர்க்காவிட்டால் "மாதொவ்". இருவர் மட்டும் என்றால் அதற்குத் தனியாக "தாவா", "மாவா". பழைய மங்கோலியத்திலும் சேர்த்துச் சொல்ல "பித", விலக்கிச் சொல்ல "ப" இருந்தன. இன்றைய பேச்சில் "பித்" ஒன்றே எஞ்சியது. சென்னையில் "நாங்க"தான் எல்லாவற்றுக்கும் என்று ஆகிவருவதைப் பார்க்கிறேன். அது தனிப் புலம்பல்.

நெல்லை வாசகர்: மங்கோலிய வரிசை தமிழ் வரிசை என்று நீங்களே சொன்னீர்கள். அங்கே அண்ணன் "அஹ்", இங்கே அக்கா. 1856லேயே கால்டுவெல் திராவிடத்தை, மங்கோலியம், துருக்கியம் எல்லாம் அடங்கிய சித்திய மொழிகளோடு சேர்த்தார். மறைக்காதீர்கள்.

மறைக்கவில்லை. உங்களிடம் இல்லாத சாட்சியையும் நானே தருகிறேன். "வருவேன் என்று சொன்னான்" என்பதில் "என்று" எப்படி "என்" என்ற வினையிலிருந்து வந்ததோ, அப்படியே மங்கோலியத்தின் "கெஜ்", சொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. வேலையும் அதே வேலை. ஆனால் சிங்களத்தின் "கியலா", வங்காளத்தின் "போலே" இரண்டும் அதே வழியில் வந்தவைதான். அவை இந்தோ-ஆரிய மொழிகள். அவற்றையும் திராவிடம் என்பீர்களா? வினை கடைசியில் வருவது உலக மொழிகளில் மிகச் சாதாரணம். கால்டுவெல் திராவிடக் குடும்பத்தை நிறுவிய பகுதி நின்றது, சித்தியப் பகுதி நிற்கவில்லை.

நெல்லை வாசகர்: அப்படியானால் எதுதான் சாட்சி?

ஒழுங்கு. மாவோரி "அரொஹ", ஹவாயில் "அலொஹா". "ரிம" (ஐந்து), அங்கே "லிமா", மலாயிலும் "லிமா". மாவோரியில் ர வரும் இடத்தில் ஹவாயில் ல. மனிதன் "தங்ஙத", அங்கே "கனக": த இருந்த இடத்தில் க, ங இருந்த இடத்தில் ந. சொல் மாறினாலும் இந்த விதி மாறாது.

இன்னும் அழகானது ஒன்று. குடிப்பதற்கு மலாயில் "மினும்", தகலாக்கில் "இனொம்", மாவோரியில் "இனு". கடைசி மகரம் போய்விட்டது. ஆனால் "குடிக்கப்பட்டது" என்று சொல்லும்போது "இனுமிய" என்கிறார்கள். போன மகரம் அங்கே ஒளிந்திருக்கிறது! வகுப்பில் இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும். அஹ்–அக்காவுக்கு இப்படி ஒரு விதி, இருபது சொல்லில் பொருந்துகிற மாதிரி, கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பேசலாம்.

கும்பகோணம் வாசகர்: மங்கோலியத்தில் நவக்கிரகப் பெயர்கள் உண்டாமே?

உண்டு. செவ்வாய் "அங்கரக்", வியாழன் "பர்ஹஸ்பத்", வெள்ளி "சுகர்", சனி "சஞ்சிர்". பௌத்தத்தோடு போன வடசொற்கள். நொம் என்றேனே, அது கிரேக்கத்தின் "நோமோஸ்", நடு ஆசியாவின் சோக்தியர் வழியாக வந்தது. (நெல்லைக்காரரே, இவை கடன். சொந்தம் அல்ல.)

மலேசிய வாசகர்: மங்கோலியத்தை எந்த எழுத்தில் எழுதுகிறார்கள்?

மங்கோலியாவில் 1940களிலிருந்து சிரிலிக், அதாவது ரஷ்ய மொழிக்கான எழுத்து. சீனாவின் உள் மங்கோலியாவில் மேலிருந்து கீழாகப் போகும் பழைய எழுத்து. 2025 முதல் அரசு அலுவல்களில் இரண்டும் என்று மங்கோலியா சட்டம் போட்டிருக்கிறது.

ஈரோடு வாசகர்: எந்த ஆப்பில் கற்கலாம்?

பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி…

மேலே பார்க்கவும்.

மதுரை வாசகி: ரக்பி ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து அணி ஆடும் மாவோரி நடனம் ஹாக்காவில் என்ன சொல்கிறார்கள்?

ரக்பி பார்க்கிறவர்களிடம் கேளுங்கள் அம்மா. எனக்கு இலக்கணம்தான் தெரியும்.

காரைக்கால் வாசகர்: அந்த மணியைப் பற்றி யாரும் பேசவே மாட்டேன் என்கிறார்களே?

இரண்டு முறை பேசியாயிற்று தம்பி.

சேலம் வாசகர்: டீச்சர், மாவோரியில் "கய்" என்றால் சாப்பாடாம். நம்ம காய்தானே?

மங்கோலியத்தில் "கஹை" என்றால் பன்றி. அதையும் சேர்த்துச் சமைத்துவிடுங்கள்.