பி.எஸ்சி. முடித்த மகனுக்கு எந்த இயற்பியல் புத்தகம்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மூன்று வருஷ பி.எஸ்சி. முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே ஆனர்ஸில் (பி.எஸ்சி.க்கு அடுத்த ஒரு வருஷப் பட்டப்படிப்பு) சேரத் தயாராகும் மகன், ஜாக்சனின் மின்காந்தவியல் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை, இவனுக்கு இயற்பியல் வராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரும். ஜாக்சன் முதுகலைக்காரர்களுக்கு எழுதப்பட்ட நூல். வெக்டர் கால்குலஸ் (திசையுள்ள அளவுகளுக்கான வகையீடு, தொகையீடு) கைப்பழக்கமாகிவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் அது ஆரம்பிக்கிறது. இப்போதைக்கு அதை அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த புத்தகத்துக்குக் காசு போடுமுன் தம்பி ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். சீராக மின்னூட்டம் பரவிய திடக்கோளம்: உள்ளேயும் வெளியேயும் மின்புலம் என்ன, மையத்தில் மின்னழுத்தம் என்ன? உள்ளே புலம் தூரத்தோடு நேராக வளரும், வெளியே தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும். மைய மின்னழுத்தம் பரப்பில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு. முடிவிலி என்று விடை வந்தால், வெளிப்புறச் சூத்திரத்தையே மையம்வரை இழுத்துவிட்டார் என்று அர்த்தம். தொகையீட்டைப் பரப்பில் இரண்டாகப் பிரித்திருக்க வேண்டும். காஸ் விதி (மூடிய பரப்பைக் கடக்கும் மின்புலத்தை உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைப்பது) தெரிந்தும் இங்கே தடுக்கினால், குறை கணிதப் பழக்கத்தில்தான்.

அப்படியானால் முதலில் மேரி போவாஸின் கணித முறைகள் நூல். மூன்றாம் பதிப்பில் 4, 5, 6 அத்தியாயங்களும் (பகுதி வகையீடு, பல்தொகையீடு, வெக்டர் பகுப்பாய்வு), வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு எட்டாவதும் போதும். முழுப் புத்தகத்தையும் முடிக்க உட்கார்ந்தால் வருஷம் ஓடிவிடும்.

கணக்கு சரியாக வந்தால் நேராக இயக்கவியலுக்கு ஜான் டெய்லர், மின்காந்தவியலுக்கு க்ரிஃபித்ஸ். டெய்லரில் முதல் 11 அத்தியாயங்களே அடிப்படை. கணக்குகளுக்குக் கடினத்தைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று நட்சத்திரம்வரை போட்டிருப்பார், ஒற்றைப்படை எண் கணக்குகளுக்குப் பின்னால் விடை உண்டு. தனியாகப் படிப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்! குவாண்டத்துக்கும் க்ரிஃபித்ஸே, ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம்.

ஃபெயின்மனின் மூன்று தொகுதிகளும் கால்டெக் இணையதளத்தில் இலவசம். மிக அருமையான விளக்கம், ஆனால் பயிற்சிக் கணக்குகள் அந்தத் தொகுதிகளில் இல்லை. அதனால் துணைக்கு மட்டும்.

இறக்குமதிப் புத்தகத்தோடு 15% வாட் வரியும் சேர்வதால் பழைய பதிப்பு வாங்குவது நல்ல யோசனைதான். அலகுகளை மட்டும் பாருங்கள். மின்காந்தவியலுக்கு இன்னொரு பாடநூலான பர்செலின் 1965, 1985 பதிப்புகள் எஸ்.ஐ. அலகில் அல்ல, காஸியன் என்ற வேறு அலகு முறையில் உள்ளன. கூலும் விதியில் நான்கு பை எப்சிலான் இருக்காது, காந்த விசையில் ஒளிவேகத்தால் வகுத்திருக்கும். தம்பி கல்லூரியில் படித்ததோடு ஒப்பிட்டால் எல்லாமே தப்பாகத் தெரியும். 2013-இல் வந்த மூன்றாம் பதிப்பு எஸ்.ஐ. அலகுக்கு மாறிவிட்டது, அதைத் தேடுங்கள்.

படிக்கும் முறை: ஒரு மணி நேரம் வாசித்தால் இரண்டு மணி நேரம் கணக்கு. அரை மணி நேரம் முட்டிப் பார்க்காமல் தீர்வுப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது. திறந்தால் மறுநாள் அதே கணக்கை, எதையும் பார்க்காமல், வெறுந்தாளில் திரும்பப் போட வேண்டும். தீர்வை வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், பரீட்சை ஹாலில் முதல் வரி வராது.

எதையும் வாங்குமுன், தம்பி சேர நினைக்கும் இயற்பியல் துறைக்கு ஒரு மின்னஞ்சல் போடட்டும். ஆனர்ஸ் பாடத்திட்டம், பரிந்துரைத்த நூல்கள், விண்ணப்பக் கடைசித் தேதி மூன்றையும் கேட்கட்டும். பழைய மாணவருக்கு நூலகத்தில் புத்தகம் தருவார்களா என்பதையும் அதிலேயே கேட்டுவிடலாம்.