மகன் சட்டையைத் துவைக்க விடமாட்டேன் என்கிறார் மனைவி: மாத்திரை தீர்வாகுமா?

கேள்வி: என் மகன் (19) பைக் விபத்தில் இறந்து ஏழு மாதமாகிறது. அவன் கடைசியாகக் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க என் மனைவி (43) விடுவதில்லை. தினமும் அழுகிறாள், தூக்கமில்லை. உறவினர் சொன்னதால் மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கி இரண்டு மாதமாகக் கொடுக்கிறேன். மகள் (10) காலையானால் வயிற்றுவலி என்கிறாள், ஸ்கேனில் ஒன்றுமில்லை. மனைவியை எந்த டாக்டரிடம் காட்டுவது? பைக் வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

பதில்: முதலில் அந்த மாத்திரை. பெயரை நீங்கள் எழுதவில்லை. இப்படி வாங்குவது பெரும்பாலும் அல்பிரஸோலாம் வகையாகத்தான் இருக்கும். அதைப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் கொடுப்பதில்லை, உடம்பு பழகிவிடும். அதற்காக இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். சட்டென நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். மாத்திரை அட்டையோடு மனநல மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவே போதும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இந்த வயதில் அசதிக்கு அவையும் காரணமாகும்.

சட்டையை விட்டுவிடுங்கள். அதில் மகனின் வாசனை இருக்கிறது, அதற்குத்தான் வைத்திருக்கிறார். ஜிப் வைத்த கவரில் போட்டால் வாசனை இன்னும் கொஞ்ச நாள் நிற்கும், போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். அவர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து அறையை ஒழித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். மகனை இரண்டாம் முறை பறிகொடுத்த மாதிரி ஆகும்.

பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு ஏழு மாதம் ஒரு காலமே இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் நீடித்த துக்கமும் ஒரு நோய்தான். ஆறு மாதம் தாண்டியிருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆனால் நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. துக்கம் அலை அலையாக வரும். இடையில் ஒரு வாய் காபியை ருசித்துக் குடிப்பார், மகன் செய்த குறும்பைச் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்வார். அந்த இடைவெளியே இல்லாமல் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் சாப்பாடு, குளியல் எதிலும் நாட்டமின்றி, ‘நான் இருந்து என்ன’ என்று பேசினால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கான மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். துக்கத்தை அது துடைத்துவிடாது. ‘செத்துப்போகலாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரை, பூச்சிமருந்தையெல்லாம் வீட்டை விட்டு அகற்றுங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

மகளின் வலி நடிப்பில்லை. பயமும் துக்கமும் குழந்தைகளுக்கு வயிற்றில்தான் தெரியும். அம்மா அழுவாள் என்று உங்கள் வீட்டில் அண்ணன் பெயரையே எடுக்காமல் இருக்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். அப்படியிருந்தால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் டிவியை அணைத்துவிட்டு, அவன் பெயரைச் சொல்லி நீங்களே ஆரம்பியுங்கள். யாராவது அழுதால் அழட்டும், எழுந்து போகாதீர்கள். ‘அன்னிக்கு அவனோட சண்டை போட்டேன், அதான்’ என்று இந்த வயதுக் குழந்தைகள் உள்ளுக்குள் நினைத்துக்கொள்வதுண்டு. உன்னால் நடக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பள்ளிக்கு லீவு போட வைக்காதீர்கள், லீவு நீள நீளப் பயம் கூடும். வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, வலி வந்தால் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டு வர அனுமதி கேளுங்கள். ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், எடை குறைவு இருந்தால் குழந்தை மருத்துவரிடம் மறுபடி காட்ட வேண்டும்.

கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். மனைவிக்கு டாக்டர் கேட்ட நீங்கள், உங்களைப் பற்றி எழுதியது அந்த ஒரு வரிதான். ஆண்கள் வேலையில் மூழ்கியோ குடித்தோ இதைத் தள்ளிப்போடுவார்கள். வீட்டில் உள்ளவர்களோ, இவருக்குக் கவலையே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மருத்துவரிடம் மூவருமாகப் போங்கள். பைக் விஷயத்தை அங்கே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

இன்னும் ஐந்து மாதத்தில் தலைத்திதி வரும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மூவருக்கும் தூக்கமும் பசியும் திரும்பக் கெடலாம், பயப்படாதீர்கள். அன்று அண்ணனுக்குப் பிடித்த எதைச் சமைக்கலாம் என்று மகளைக் கேளுங்கள்.