அல்சைமர்ல மூளை அழற்சிக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம்? வலி மாத்திரை போட்டா தடுக்கலாமா?

அழற்சின்னதும் மூளை வீங்கிடும்னு நெனைக்காதீங்க, அல்சைமர்ல அது சுருங்கத்தான் செய்யும். மைக்ரோக்ளியான்னு மூளைக்குள்ள துப்புரவு ஆளுங்க மாதிரி செல்லுங்க இருக்கு, அமிலாய்டுங்கிற புரதக் குப்பைய திங்கிறது அதோட வேலை, ஆனா ஓவரா உசுப்பேறிட்டா (அதத்தான் இங்க அழற்சின்னு சொல்றாங்க) நரம்பு செல்லுங்கள இணைக்கிற சினாப்ஸையும் சேத்து தின்னுடும். 2016ல எலிகள்ல பாத்தப்போ, அமிலாய்டு திட்டு திட்டா படியறதுக்கு முன்னாடியே ஹிப்போகேம்பஸ்ல இது ஆரம்பிச்சிருந்துச்சு, புது ஞாபகம் பதியறதுக்கு அந்த எடம்தான் முக்கியம்.

அதுக்காக மைக்ரோக்ளியாவ மொத்தமா அமுக்கவும் முடியாது, ட்ரெம்2 ஜீன் மாற்றத்தால அது சரியா வேலை செய்யாதவங்களுக்கு அல்சைமர் ரிஸ்க் இன்னும் கூடுதலாம்ல! நாப்ராக்சென், செலகாக்சிப்னு வலி மாத்திரைங்கள குடுத்து அமெரிக்காவுல பண்ண பெரிய ட்ரையல்ல இதய பாதிப்பு பயத்தால 2004ல மாத்திரைய நிறுத்திட்டாங்க, மறதியையும் அது தடுக்கல. நீங்களா மெடிக்கல்ல வாங்கி போட்டுடாதீங்க, வயிறும் கிட்னியும்தான் கெடும்.