எல் நினோ, வங்கக்கடல், நம் ஐப்பசி மழை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த வருஷம் எல் நினோவாமே, மழை இருக்குமா சார்? (ஊர் எழுதவில்லை)

எந்த மழை, எந்த ஊர்? இரண்டையும் எழுதாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வால்பாறைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். நாகப்பட்டினத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எல் நினோ என்பது பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி இயல்பைவிடச் சூடேறும் நிலை. அது இந்த இரண்டு பருவங்களையும் எதிரெதிர்த் திசையில் தள்ளக்கூடியது. அடுத்த முறை ஊர், மாதம், பயிர் மூன்றையும் எழுதுங்கள்.

"எல் நினோவால் நாடு முழுவதும் மழை குறையும்" என்று செய்தியில் சொன்னார்கள். சம்பாவை நம்பி இறங்கலாமா? (மன்னார்குடி)

இந்தச் செய்தி ஆண்டுதோறும் தமிழகத்து விவசாயியை வீணாகக் கலங்கடிக்கிறது. அதில் சொல்லப்படுவது தென்மேற்குப் பருவமழை. அதுவும் நாடு முழுவதற்குமான சராசரி. அந்தக் கணக்குகூட எப்போதும் பலிப்பதில்லை. 2002, 2009 எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் மழை இயல்பில் 80 சதவீதத்தை ஒட்டி இறங்கியது உண்மைதான். 1997இல் எல் நினோ அவற்றைவிட மிக வலுவாக இருந்தும் மழை இயல்பாகவே பெய்தது.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, சுமார் 44 செ.மீ., வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. எல் நினோ காலத்தில் பசிபிக்கின் நடுப்பகுதி சூடேறுவதால், இந்தோனேசியப் பக்கம் மேலெழ வேண்டிய காற்று கிழக்கே நகர்ந்துவிடும். இந்தோனேசியக் கடல்மேல் காற்று கீழிறங்கும். அக்டோபருக்குப் பிறகு அங்கிருந்து மேற்கே வரும் கீழைக்காற்று வலுத்து, ஈரத்தை இலங்கை, தமிழகக் கரையோரம் குவிக்கும். ஆகவே எல் நினோ ஆண்டில் ஐப்பசி, கார்த்திகை மழை கூடவே வாய்ப்பு அதிகம். 2015 சென்னை வெள்ளம் வலுவான எல் நினோ ஆண்டில்தான் வந்தது. இதைச் சொல்லாமல் "மழை குறையும்" என்று மட்டும் தலைப்புப் போடுவது பொறுப்பில்லாத வேலை.

டெல்டாவுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. மேட்டூருக்கு வரும் தண்ணீர் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்கு மழை. அது குறைந்தால் ஆறு வறண்டு, வானம் கொட்டும். 2023இல் குறுவை கருகியதும் அதே ஆண்டு டிசம்பரில் சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் வெள்ளம் வந்ததும் இப்படித்தான். எனவே சம்பாவைக் கைவிட வேண்டாம். ஆற்றுநீரை நம்பி நாற்றங்கால் விடுவதை மட்டும் யோசியுங்கள். ஆகஸ்ட் கடைசியில் மேட்டூர் மட்டம் தாழ்ந்திருந்தால் 155 நாள் ரகத்தை விட்டுவிட்டு, 130 நாள் ரகத்தை நேரடியாக விதையுங்கள். வடிகால் வாய்க்காலைச் செப்டம்பருக்குள் தூர் வாரிவிடுங்கள். எல் நினோ ஆண்டில் சம்பாவைக் கெடுப்பது பெரும்பாலும் தேங்கிய நீர்தான்.

அப்படியானால் லா நினா வந்தால் கண்மாய் நிறையாதா? (பரமக்குடி)

லா நினா எல் நினோவுக்கு நேரெதிர், பசிபிக் நடுப்பகுதி இயல்பைவிடக் குளிரும் நிலை. அப்போது கண்மாய் நிறையாமல் போகும் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவே. 2016இல் லா நினா வலுவில்லாதது. ஆனாலும் தமிழகத்தில் வடகிழக்கு மழை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. 2010இலும் 2021இலும் லா நினா இருந்தும் மழை இயல்பைத் தாண்டியது. 2021 நவம்பரில் தாழ்வுப் பகுதிகள் அடுத்தடுத்து வந்து அந்தப் பருவத்தையே மாற்றிவிட்டன. நமது பருவத்தில் இரண்டு மூன்று தாழ்வுப் பகுதிகள் சரியான இடத்தில் கரை நெருங்கினால் கணக்கே வேறு.

ஐஓடி பாசிட்டிவ் என்றால் கண்டிப்பாக வெள்ளமா? (கடலூர்)

இல்லை. ஐஓடி என்பது இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டின் குறியீடு; மேற்கு இயல்பைவிடச் சூடாகவும் கிழக்கு குளிராகவும் இருந்தால் பாசிட்டிவ். 2019இல் மிக வலுவான பாசிட்டிவ் ஐஓடி இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் மிதந்தது. தமிழகத்தில் மழை ஏறக்குறைய இயல்பளவே. குறியீடு 0.4 டிகிரிக்குள் இருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். டிசம்பர் நடுவில் அது பொதுவாகக் கலைந்தும் விடும்.

வங்கக்கடல் 29 டிகிரி காட்டுகிறது, படம் முழுக்கச் சிவப்பு. புயல் நிச்சயம்தானே? (புதுச்சேரி)

நீங்கள் அனுப்பிய படத்தின் கீழே இருக்கும் அளவுகோலைப் பார்த்தீர்களா? அது வெப்பநிலைப் படம். விலகல் படம் அல்ல. அக்டோபரில் வங்கக்கடல் 28, 29 டிகிரியில் இருப்பது வழக்கம்தான். எந்தப் படமானாலும் முதலில் தேதி, பிறகு அது உள்ள வெப்பமா இயல்பிலிருந்து விலகலா, மூன்றாவதாக எந்த முப்பது ஆண்டுச் சராசரியிலிருந்து விலகல் என்று பாருங்கள்.

புயலுக்கு 26.5 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் சுமார் 50 மீட்டர் ஆழம் வரை. அந்தச் சூடு நம் கடலில் பெரும்பாலும் தயாராகவே இருக்கும். தடுப்பது வேறு: மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வேகத்திலும் திசையிலும் பெரிதாக வேறுபட்டால் மேகக்கூட்டம் சாய்ந்து கலையும், வடக்கிலிருந்து வறண்ட காற்று புகுந்தாலும் சுழல் செத்துப்போகும். அடுப்பு எரிகிறது என்பதற்காக உலையில் அரிசி இருப்பதாக நினைக்கக் கூடாது.

மார்ச்சிலேயே எல் நினோ கணிப்பு சொல்கிறார்களே, நம்பலாமா? (ஈரோடு)

வேண்டாம். மார்ச் முதல் மே வரை பசிபிக் நிலையற்றது. மாடல்கள் அதிகம் தவறுவது அப்போதுதான். ஜூன் கடைசிக்குப் பிறகு பாருங்கள். ஒரு வாரம் இயல்பைவிட 0.5 டிகிரி கூடுதலைத் தொட்டதும் எல் நினோ ஆகிவிடாது, நினோ 3.4 எனப்படும் நடுப் பசிபிக் பகுதியின் மூன்று மாதச் சராசரி, தொடர்ந்து அந்த அளவில் நிற்க வேண்டும்.

மட்டக்களப்பில் பெரும்போகத்துக்கும் இதே கணக்குத்தானா?

பெரும்போகம் இலங்கையின் முக்கிய நெல் பருவம். அதில் அக்டோபர், நவம்பருக்கு ஆம். ஜனவரிக்குப் பிறகு திரும்பிவிடும். எல் நினோ ஆண்டில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறையவே சாய்வு. முன்னால் கிடைக்கும் நீரைக் குளத்தில் நிறுத்துங்கள். மறுபடியும் சொல்கிறேன்: எந்தப் பருவம், எந்த இடம்.

நவம்பரில் எந்த வாரம் உரம் போடலாம் என்று கடல் வெப்பம் சொல்லுமா? (சீர்காழி)

சொல்லாது. அது பருவத்தின் சாய்வை மட்டும் காட்டும். வாரக் கணக்குக்கு எம்ஜேஓவைப் பாருங்கள்: 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றும் மேகத்திரள் அது. இந்தியப் பெருங்கடலில், அதாவது 2, 3ஆம் கட்டங்களில், இருக்கும்போது நமக்கு மழை கூடும்; பசிபிக்குக்குப் போய்விட்டால் இடைவெளி கிடைக்கும். யூரியா போடும் நாளுக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு மட்டுமே உதவும்.

கரையில் தெர்மாமீட்டர் வைத்துக் கடல்நீரைத் தினமும் அளக்கிறேன். பயன் உண்டா? (வேதாரண்யம்)

ஆழமில்லாத கரைநீர் பகல் வெயிலில் ஏறி இரவில் இறங்கும். பருவமழைக்கு அது எதையும் சொல்லாது. கடலுக்குள் வெப்பத்தை ஆர்கோ எனப்படும் தானியங்கி மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை, பத்து நாளுக்கு ஒருமுறை அளக்கின்றன. உங்கள் உழைப்பை மழைமானிக்குத் திருப்புங்கள். திறந்த வெளியில், பக்கத்து மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைத்து, தினமும் காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள். பெய்யாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும்.