ஊழியர்களுக்கான ஆன்லைன் பயிற்சியை எப்படித் தயாரித்தால் உண்மையில் பலன் இருக்கும்?

எந்த மென்பொருள் நல்லது, வீடியோ எத்தனை நிமிடம் இருக்கலாம், முடித்தவர்கள் மனதில் நிற்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு பிபிடியைக் கொடுத்து, "இதை ஆன்லைன் கோர்ஸா மாத்திடுங்க, இந்த மாசத்துக்குள்ள எல்லாரும் முடிச்சிருக்கணும்" என்று சொல்லியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அந்த பிபிடியைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அந்த வேலை நடக்கிற இடத்துக்குப் போய் ஒரு ஷிஃப்ட் முழுக்க நில்லுங்கள். மென்பொருள் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, அப்புறம் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாகி, இப்போது மருத்துவமனைகளுக்குப் பயிற்சி தயாரித்துக் கொடுக்கிறேன். அதனால் என் உதாரணம் வார்டிலிருந்துதான் வரும். உங்களுடையது வங்கியாக இருக்கலாம், கிடங்காக இருக்கலாம். இடத்தை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கொங்குப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. மருத்துவக் கழிவைப் பிரித்துப் போடுவது பற்றி கோர்ஸ் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள்படி, இதைக் கையாளும் எல்லோருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு வருடத்துக்கு ஒரு முறையாவதும் பயிற்சி கொடுத்தாக வேண்டும். அவர்களிடம் அதற்கு ஒரு வீடியோவும் இருந்தது. முக்கால் மணி நேரம். விதிகள் எப்படி வந்தன, எதற்கு என்ன வரையறை, எந்த நிறத் தொட்டியில் எது என்று ஒரு பெரிய அட்டவணை, கடைசியில் பத்துக் கேள்வி. எல்லோரும் பாஸ். ஆனால் பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பைக்குள், அங்கே போகவே கூடாத ஊசி கிடந்தது. வீடியோ சலிப்பாக இருப்பதுதான் காரணம், அனிமேஷன் போட்டுக் கொடுங்கள் என்றார் நிர்வாகி.

நான் முதலில் வார்டில் நிற்கிறேன் என்றேன். இரவு ஷிஃப்டில் நின்றேன். ஒரு சிஸ்டர் இன்ஜெக்ஷன் போட்டு முடிக்கிறார், அதற்குள் அடுத்த படுக்கையில் கூப்பிடுகிறார்கள். ஊசியைப் போட வேண்டிய வெள்ளை டப்பா வார்டின் அந்தக் கோடியில், நர்சிங் ஸ்டேஷன் மேஜை மேல். திறந்த ஊசியோடு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அதனால் மூடியைத் திரும்பப் போட்டு ட்ரேயில் வைக்கிறார். ட்ரே நிறைந்ததும், அவசரத்தில் டியூப், சிரிஞ்சோடு சேர்ந்து மொத்தமும் சிவப்புப் பைக்குள் போகிறது. கேட்டேன். "மூடி போடக்கூடாதுன்னு தெரியுங்க மேடம். வேற எங்க வைக்கிறதுங்க?" என்றார்.

தெரிந்த விஷயத்தையே அவருக்கு இன்னொரு தடவை அனிமேஷனில் சொல்லி என்ன ஆகப்போகிறது? தள்ளுவண்டி ஒவ்வொன்றிலும் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பா ஒன்று வைக்க வேண்டும், அவ்வளவுதான். நிர்வாகத்திடம் அதை எழுதிக் கொடுத்தேன், வைத்தார்கள். இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் தேவையில்லை. கேத்தி மூர் என்ற பயிற்சி வடிவமைப்பாளர் 'ஆக்‌ஷன் மேப்பிங்' என்று ஒரு முறையை எழுதியிருக்கிறார். ஆட்கள் என்ன செய்ய வேண்டும், இப்போது ஏன் செய்யவில்லை என்பதை முதலில் கேள், பிறகுதான் பயிற்சியா வேறு ஏதாவதா என்று முடிவு செய் என்பது அதன் சாரம். உங்கள் அலுவலகத்திலும் "பயிற்சி கொடுங்கள்" என்று வருவதில் பாதி, ஒரு டப்பாவோ ஒரு படிவமோ இல்லாத குறையாக இருக்கலாம்.

மிச்சம் இருந்தது உண்மையான குழப்பங்கள். கோர்ஸுக்கு வேலை அங்கேதான். காலி செய்த யூரின் பேக் எங்கே போகும்? நிறையப் பேர் மஞ்சள் என்கிறார்கள், உடம்பிலிருந்து வந்த கழிவு பட்டது என்பதால். சரியான விடை சிவப்பு. ஆனால் ரத்தப் பை மஞ்சள். கையுறை சிவப்பு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள். கண்ணாடி ஆம்பியூல் (உடைத்துத் திறக்கிற மருந்துக் குப்பி) நீலம், ஆனால் புற்றுநோய் மருந்து இருந்த குப்பி அங்கே போகக்கூடாது. இப்படி மாறிப்போகிறவற்றை ஜோடி ஜோடியாக எடுத்தேன். இணையத்தில் கிடைக்கிற படம் ஒன்றுகூட இல்லை. அந்த வார்டின் தள்ளுவண்டி, அந்த வார்டின் தொட்டிகள், எல்லாம் செல்போனில் எடுத்தது. முன்னுரை கிடையாது. திறந்ததும் ஒரு படம்: கையில் டிரிப் செட், முனையில் ஊசி. எங்கே போடுவீர்கள்?

தவறான விடைகளைச் சும்மா இட்டு நிரப்பக்கூடாது. நிஜமாக ஆட்கள் செய்கிற தவறுகளே விடைகளாக இருக்க வேண்டும், அதற்கும் வார்டில் நின்றிருக்க வேண்டும். தவறாகத் தொட்டால் "தவறு, மீண்டும் முயலவும்" என்று சிவப்பு எழுத்தில் காட்டி அவமானப்படுத்தவும் வேண்டாம். அடுத்து என்ன நடக்கும் என்று காட்டுங்கள். சிவப்புப் பையில் போவது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கம் ஆகி, துண்டாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகிறது. மஞ்சள் பை எரியூட்டும் உலைக்குப் போகிறது. பிவிசி பிளாஸ்டிக் டியூபை மஞ்சளில் போட்டால் அது எரியும்போது டையாக்ஸின் என்ற நச்சு வரும். ஊசியைச் சிவப்பில் போட்டால் அந்தப் பையைத் தூக்குகிற துப்புரவு அக்காவின் காலில் குத்தும். இந்தக் காரணம் தெரிந்த பிறகு அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லவே வேண்டியதில்லை. ஏன் என்று தெரிந்தவர் புதிதாக ஒரு பொருள் கைக்கு வந்தாலும் யோசித்துச் சரியான இடத்தில் போடுவார்.

"இது விளையாட்டு மாதிரி இருக்கிறதே, பாடம் எங்கே?" என்று டாக்டர் ஒருவர் கேட்டார். இங்கேயும் யாராவது கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, படித்ததை நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். வீடியோ முடிந்த கையோடு வைக்கிற பத்துக் கேள்வி அந்த ஐந்து நிமிடத் தேர்வு மாதிரிதான். அதை வைத்து யாருக்கு என்ன தெரியும் என்று முடிவு செய்ய முடியாது. அதனால் கோர்ஸை ஐந்து நிமிடத் துண்டுகளாக்கி, சில நாள் இடைவெளி விட்டு ஒவ்வொரு கேள்வியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். இதற்கென்று ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும் என்று நர்சிங் சூப்பரின்டென்டன்டிடம் கேட்டு வாங்கினேன். வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள் என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். வேலைக்கான பயிற்சிக்கு வேலை நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனிப் பதிப்பு செய்தோம், படமும் குரலும் மட்டும். திரையில் இருக்கிற வரியையே குரலிலும் வாசிப்பது எதற்கும் உதவாது. கேட்கிறவர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பார், விஷயம் போய்விடும். ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

அந்த அக்காக்களோடு உட்கார்ந்து பேசியபோதுதான் பெரிய விஷயமே வெளியில் வந்தது. ஒரு அக்கா சொன்னார்: "பை தூக்குறப்ப குத்திப்போடுச்சுங்க சிஸ்டர். சொன்னா நம்மளத்தான் வைவாங்கன்னு கழுவிட்டு வேலையப் பாத்தேன்." ஊசி குத்தினால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, பிதுக்காமல், வாயில் வைக்காமல், உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் கூடிய வரை 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்கு மேல் போகவே கூடாது. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் வசவுக்குப் பயந்து அந்த நேரத்தை இழக்கிறார். கோர்ஸில் இதற்கு ஒரு தனித் துண்டு வைத்தேன். கூடவே, குத்துப்பட்டதைச் சொல்பவரிடம் விளக்கம் கேட்கக் கூடாது, நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று நிர்வாகத்திடம் சுற்றறிக்கை போட வைத்தேன்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். ஊசி குத்திய சம்பவங்களின் பதிவு கூடியது. "பயிற்சிக்கு அப்புறம் அதிகமாகியிருக்கே" என்று நிர்வாகம் பதறியது. அதிகமானது சம்பவம் அல்ல, சொல்வது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்ல வேளையாகச் சிவப்புப் பைகளைத் திறந்து சோதித்து எழுதி வைத்த நோட்டு இருந்தது. பைக்குள் ஊசி அகப்படுவது குறைந்துகொண்டே வந்தது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே எதை எண்ணப்போகிறீர்கள் என்பதைக் கோர்ஸ் தொடங்கும் முன்பே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற பேராசிரியர் 1959லேயே பயிற்சியை நான்கு படியாக மதிப்பிடச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, விளைவு என்ன. நம் ஊரில் முதல் படிக்கு ஒரு கருத்துப் படிவம், இரண்டாம் படிக்குப் பத்துக் கேள்வி, அதோடு சான்றிதழ் அச்சாகிவிடுகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பயிற்சி வடிவமைப்பாளர் வேலைக்கான விளம்பரங்களைப் பாருங்கள். பொறியியல் பட்டம், சரளமான ஆங்கிலம், இந்த மென்பொருள், அந்த மென்பொருள். வார்டில் இரவு ஷிஃப்ட் பார்த்த அனுபவத்துக்கு அங்கே ஒரு வரி கிடையாது. நேர்முகத்தில் "நர்ஸா? அப்ப கன்டென்ட் மட்டும் கொடுங்க, டிசைன் எங்க ஆளுங்க பண்ணுவாங்க" என்று என்னிடம் சொன்ன நிறுவனம் உண்டு. தந்த சம்பளமும் அந்த ஆட்களுடையதில் பாதி. இன்றும் எனக்கு ஆறவில்லை. மென்பொருளை யாரும் கற்றுக்கொள்ளலாம். எந்த நேரத்தில் எந்தக் கை எதை மறக்கும் என்பது அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் தெரியும். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அவர் பெயரையும் கோர்ஸில் போடுங்கள், காசையும் ஒழுங்காகக் கொடுங்கள்.

வீடியோவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி வெட்டும் கருவியை எப்படிப் பிடிப்பது என்பதற்கு ஒரு நிமிட வீடியோ வைத்தோம், கை அசைவை வேறு எப்படிக் காட்டுவது? சட்டப்படி பதிவு காட்ட வேண்டிய இடத்தில் எல்எம்எஸ் (கோர்ஸை வைத்து நடத்துகிற மென்பொருள்), ஸ்கார்ம் (கோர்ஸ் அதோடு பேசுகிற பொது வடிவம்) எல்லாம் தேவைதான். யார் முடித்தார், எத்தனை மதிப்பெண் என்று எல்எம்எஸ் காட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இனி மென்பொருள். பணம் இருந்தால் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன். இல்லையென்றால் மூடில் (Moodle) என்ற எல்எம்எஸும், கேள்விகள் செய்கிற எச்5பி (H5P) என்ற கருவியும் இலவசம், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் அவற்றிலேயே செய்யலாம். எதில் செய்தாலும், வெளியிடும் முன் இரண்டு மூன்று பேரிடம் அவரவர் செல்போனிலேயே கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே தொடுவது என்று தேடுகிறார்களா, எந்தக் கேள்வியைப் படிக்காமலே தாண்டுகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்ல வாய் துறுதுறுக்கும், சொல்லாதீர்கள்.