ஆறு வயது மகனுக்கு ஹிர்ஷ்ப்ருங்: ஆபரேஷன் இங்கேயா, ஊரிலா?

இங்கிலாந்தில் லெஸ்டருக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது, பையனுக்கு ஹிர்ஷ்ப்ருங் என்ற குடல் நோயாக இருக்கலாம் என்று பயாப்ஸிக்கு (குடலில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) எழுதியிருக்கிறார்கள், பேசாமல் சென்னைக்கே கூட்டிப்போய் ஆபரேஷன் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன் தங்கச்சி: இங்கேயே செய்யுங்கள். சென்னையில் நல்ல சர்ஜன்களுக்குக் குறைவில்லை. ஆனால் இது ஆபரேஷனோடு முடிகிற காரியம் இல்லை. செய்தவர்களே பிறகும் வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்வதுதான் நல்லது. செலவை நினைத்துப் பயப்படாதீர்கள், விசாவோடு சேர்த்துக் கட்டிய ஹெல்த் சர்சார்ஜ் என்ற மருத்துவக் கட்டணத்திலேயே சிகிச்சை அடங்கிவிடும்.

என் மகனுக்கும் ஏழு வயதில்தான் தெரிந்தது. அதுவரை விளக்கெண்ணெய், உலர்திராட்சைத் தண்ணீர், "தாய் சரியாகச் சாப்பாடு கொடுக்கவில்லை" என்ற பேச்சு. அந்தப் பேச்சை இனி காதில் வாங்காதீர்கள். குடலின் கடைசிப் பகுதியில் இருக்க வேண்டிய நரம்பணுக்கள் பிறவியிலேயே இல்லாததுதான் இந்த நோய். அந்த இடம் தளர்ந்து வழிவிடாது, அதற்கு மேலே மலம் தேங்கிக் குடல் வீங்கிக்கொண்டே போகும். நரம்பில்லாத பகுதியை எடுத்துவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு சேர்ப்பார்கள்.

தாமதமாகக் கண்டுபிடித்த பிள்ளைகளுக்குக் குடல் ரொம்ப விரிந்திருந்தால், அது சுருங்கட்டும் என்று முதலில் வயிற்றில் ஸ்டோமா, அதாவது குடலை வெளியே கொண்டுவரும் திறப்பு, வைத்து மலம் சேரப் பை மாட்டுவதுண்டு. எனக்குத் தலையே சுற்றியது. ஸ்டோமா நர்ஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்: அட்டையால் ஸ்டோமாவை அளவெடுத்துப் பையில் ஓட்டையை வெட்டு, ஒட்டும் பக்கத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கு, அப்புறம் ஒட்டு. முதல் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்கும், அதனால் பழைய அளவுக்கே வெட்டினால் தோல் வெந்துவிடும். மகனே கொஞ்ச நாளில் தானாக மாற்றப் பழகிவிட்டான்.

இழுத்துச் சேர்த்த பிறகு ஆரம்பத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை போகும், பின்புறம் புண்ணாகும். பாதுகாப்புக் கிரீமை முதல் நாளிலிருந்தே தடவுங்கள். பள்ளியில் கேட்காமல் டாய்லெட் போகலாம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. வயிறு உப்பி, காய்ச்சலோடு நாற்றமான பேதி போனால் குடல் அழற்சியாக இருக்கலாம். ஆபரேஷனுக்கு முன்பும் வரும், பின்பும் வரும், உயிருக்கே ஆபத்து. ஜி.பி. (இங்கே குடும்ப டாக்டர்) அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், நோயின் பெயரை முதலிலேயே சொல்லுங்கள்.

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போனதா என்று டாக்டர் கேட்பார். பிரசவ ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி ஊரில் இருந்தால் இப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேளுங்கள், அதற்குக் காசு கிடையாது.