படர்தாமரைக்குக் களிம்பு பூசினால் மறைகிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது. ஏன்?

எந்தக் களிம்பு என்று நீங்கள் எழுதவில்லை. குழாயின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் விடை அங்கேயே அச்சாகியிருக்கிறது. இரண்டும் ஸ்டீராய்டுகள். அரிப்பையும் சிவப்பையும் சட்டென்று அடக்கிவிடும். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைத் தொடக்கூட மாட்டா. அதை எதிர்க்க வேண்டிய உடம்பின் கையைத்தான் கட்டிப்போடுகின்றன. ஆறிவிட்டது என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில் அது பக்கத்துத் தோலுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

நான் மருத்துவர் இல்லை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் தோல் செதில்களைப் பார்த்து அறிக்கை எழுதுபவன். 'டெக்னீஷியனுக்கு என்ன தெரியும்' என்று கேட்க வருகிறவர்கள் தாராளமாக வரலாம். மருந்து எழுதுவது என் வேலை இல்லைதான். அந்த மருந்து எதைக் கொல்லப்போகிறதோ அதைக் கண்ணால் பார்ப்பது என் வேலை.

என் மனைவியின் தம்பிக்கு இடுப்பில் வந்தது. "அத்தான், பூசினால் ஓடிவிடுகிறது, விட்டால் வந்துவிடுகிறது" என்றான். ஏறக்குறைய உங்கள் கேள்வியேதான். அவன் பூசிக்கொண்டிருந்தது பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்த களிம்பு. நோய் எதுவென்று தெரியாதவர்களுக்காகவே செய்த கலவை என்பது என் அபிப்பிராயம். தோல் மருத்துவரே முதலில் தயங்கினார். வழக்கமான படர்தாமரை என்றால் வளையத்தின் விளிம்பு தடித்துச் செதில் செதிலாக இருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். இவனுக்கு விளிம்பே இல்லை. பழுப்புத் திட்டும் நடுநடுவே பருக்களுமாக இருந்தது. ஸ்டீராய்டால் இப்படி உருமாறும் படர்தாமரையை 1968லேயே மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள். இன்னும் ஏமாறுகிறோம்.

களிம்பைச் சில நாள் நிறுத்தச் சொல்லிவிட்டு, சுரண்டிப் பார்க்க அனுப்பினார். பூஞ்சை மருந்து பூசிய தோலைச் சுரண்டினால், இருப்பதும் இல்லை என்று வரக்கூடும். மழுங்கிய கத்தியால் திட்டின் ஓரத்தில் சுரண்ட வேண்டும். உதிரும் செதிலைக் கண்ணாடித் தகட்டில் போட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால், தோலின் கெரட்டின் கரையும். பூஞ்சை கரையாமல் நிற்கும். நுண்ணோக்கியில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தோல் செல்களின் ஓரக்கோட்டையே பூஞ்சை என்று எழுதிவிடுவார்கள். ஓரக்கோடு செல்லைச் சுற்றிக்கொண்டு போகும். பூஞ்சை இழை எந்த எல்லையையும் மதிக்காமல் செல்களின் குறுக்கே போகும். இடையிடையே தடுப்புச் சுவர், ஆங்காங்கே கிளை. மைத்துனனின் தகட்டில் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஸ்டீராய்டு பட்ட தோலில் பெரும்பாலும் இப்படித்தான், இழைகள் மண்டிக் கிடக்கும்.

பிறகு ஸ்டீராய்டு நின்றது. முதலில் அரிப்பு கூடும், பயந்து பழைய களிம்பை எடுத்துவிடாதே என்று மருத்துவர் எச்சரித்திருந்தார், கூடத்தான் செய்தது. (நிறைய இடத்தில், மாதக்கணக்கில் பூசியிருந்தால் எப்படி நிறுத்துவது என்று மருத்துவரைக் கேளுங்கள்.) பரவலாக இருந்ததால் இட்ரகோனசோல் மாத்திரை, வாரக்கணக்கில். டெர்பினாஃபின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்துக்கு அடங்காத பூஞ்சைகள் இப்போது பெருகியிருப்பதால், எந்த மாத்திரை என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சிறிய திட்டு என்றால் ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பே போதும். ஆனால் திட்டுக்கு வெளியே 2 செ.மீ. வரை பூச வேண்டும். மறைந்த பிறகும் ஓரிரு வாரம் தொடர வேண்டும். தலையில் வந்தால் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். துண்டைப் பகிர்வதை விடுங்கள். வீட்டில் வேறு யாராவது சொறிகிறார்களா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, படர்தாமரை என்று யார் சொன்னது? தொடையிடுக்கில் வரும் செம்பழுப்புத் திட்டு பாக்டீரியாவின் வேலையாகவும் இருக்கலாம். வுட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் அது பவளச் சிவப்பாக மின்னும். அதற்கு எரித்ரோமைசின் போன்ற பாக்டீரியா மருந்துகள். இரவில் அரிப்பு உயிரை எடுத்து, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக இருந்தால் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அதற்கு 5% பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடாமல் இரவு பூசி, காலையில் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் இருக்கும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று திட்டாதீர்கள்.

மைத்துனனுக்குக் குணமாகிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என்னை "ரத்தம் எடுப்பவர்" என்று அறிமுகப்படுத்தினான். ஊசியைக் கையில் எடுத்தே பல வருடங்கள் ஆகின்றன! உறவினர்களை விடுங்கள், எங்களுக்கு வரும் படிவங்களிலேயே எங்கே சுரண்டியது என்ற இடத்தில் 'தோல்' என்று மட்டும்தான் எழுதியிருக்கும். உடம்பு முழுவதும் தோல்தானே ஐயா? நீங்கள் பரிசோதனைக்குப் போனால், எந்த இடம், கடைசியாக என்ன பூசினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்பதை அந்தப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.